கண்டறியப்படவில்லை

உறைக்குள் இரண்டு தாள்.
மேல் ஓரத்தில் என் மகன் ஓவியன்
ஒரு எழுத்து விழுந்து ஓவின் ஆகியிருக்கிறான்.
வயது மூன்று.
பொருள்: ஷ்டூல்.

ஷ்டூல் என்றால் இந்த மொழியில் நாற்காலியும்தான்.
முதல் நாள் லிண்டமான் டாக்டர் அதைக் கேட்டபோது
சுவரோரம் கிடந்ததை இழுத்து அவர் முன்னால் வைத்தேன்.
தோளில் பிள்ளை சுருண்டு கிடந்தான்.
அவர் சிரிக்கவில்லை.
மூடியில் கரண்டி முளைத்த ஒரு குப்பியை எடுத்துத் தந்தார்.

காகிதத் தட்டில் ஏந்த வேண்டும்,
மூத்திரம் கலக்கக் கூடாது,
மூன்று இடத்தில் கிள்ள வேண்டும்.
உப்புப் பதம் பார்க்கிற கை, பழகிக்கொண்டது.
வூப்பர் ஆற்றுக்கு மேலே தொங்குரயிலில்
கோட்டுப் பைக்குள் அந்தக் குப்பி
இன்னும் இளஞ்சூடாக.
எதிரே ஒருத்தி நாய்க்குட்டியை அணைத்திருந்தாள்.
நான் இதை.

முதல் முடிவு வந்த அன்று
சுகாதாரக் கந்தோரிலிருந்து ஒரு பெண் பேசினாள்.
கம்பிலோபாக்டர்.
சொல்லிப் பார்த்தேன், வாயில் நிற்கவில்லை.
கோழி சாப்பிட்டானா? எப்போது?
யார் சமைத்தது?
நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?

கன்டீனில் சமையல். நாளுக்கு முந்நூறு தட்டு.
அங்கே இறைச்சிக்குச் சிவப்புப் பலகை,
மரக்கறிக்குப் பச்சை.
மாறிப்போனால் தலைமைச் சமையல்காரர் கூரை அதிரக் கத்துவார்.
வீட்டில் ஒரே பலகை.
ஞாயிற்றுக்கிழமை கோழி வெட்டினேன்.
கழுவினேன் என்று சொல்ல வருகிறது வாய்.
துடைத்தேன்.
அதே பலகையில் வெள்ளரிக்காய்.
வெள்ளரிக்காய் என்றால் அவனுக்கு உயிர்.

போனில் நான் வெள்ளரிக்காயைச் சொல்லவில்லை.
சுகிர்தா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.
மறுநாள் மேசையில் ஒரு பச்சைப் பலகை,
விலைச்சீட்டுக்கூட உரிக்காமல்.
அதைப் பற்றி நாங்கள் இன்னும் கதைக்கவில்லை.

இது இரண்டாம் முடிவு.
சல்மொனெல்லா, நெகட்டிவ். ரோட்டா, நெகட்டிவ்.
கம்பிலோபாக்டர், கண்டறியப்படவில்லை.
விசாவுக்கு, வாடகை வீட்டுக்கு, வேலைக்கு
எத்தனை உறையில் வந்த இல்லை.
இந்த ஒரு இல்லையை
எழுந்து நின்று வாசித்தேன்.

கடைசி வரி மட்டும் தடித்த எழுத்து.
கல்ப்ரோடெக்டின், இருநூற்றி எண்பது.
ஐம்பதுக்குள் இருக்க வேண்டுமாம்.
பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்பு.
அந்த அம்போடுதான் இரவு படுத்தேன்.

காலையில் லிண்டமான்:
தாளில் உள்ளது பெரியவர்களின் கணக்கு,
இந்த வயதில் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.
முழங்கால் உரசினால்
பொருக்கு விழுந்த பிறகும் சிவந்திருப்பதில்லையா?
குடலும் அப்படித்தான்.
சாப்பிடுகிறானா?
சாப்பிடுகிறான்.
விளையாடுகிறானா?
சோபாவிலிருந்து குதிக்கிறான், கீழ்வீட்டுக்காரர் தட்டுகிறார்.
அப்படியென்றால் தாளை மடித்து வையுங்கள்,
ஆறு கிழமை கழித்து இன்னொரு குப்பி.

அப்பா, முடிஞ்சுது!
கதவுக்குள்ளிருந்து குரல்.
முன்பென்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு போவேன்.
இப்போது குனிந்து பார்க்கிறேன்,
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி.
கெட்டி. மண்ணிறம்.
ஒரு முனையில் ஒட்டியபடி
வெள்ளரி விதை ஒன்று.
அவன் அதற்குக் கையசைத்து ச்சூஸ் சொல்கிறான்.
பொறு ராசா,
தண்ணியை அழுத்தாதே.
கொஞ்சம் பொறு.