ஈரம் முப்பத்தொன்று

முதல் வருஷம் எல்லாரும் வந்தார்கள்.
கொட்டகைக்குத் தகரம் போட்ட அன்று
தெமுக்கோவிலிருந்து அக்கா இவோன் கேக் கொண்டுவந்தாள்.
'காய்ந்த விறகு' என்று பலகையில் நானே எழுதினேன்.
கடைசி எழுத்து சரிந்துவிட்டது.
யாரும் அதைச் சொல்லவில்லை.

இது மூன்றாவது வருஷம்.
எப்படிப் போகிறது என்று இப்போது யாரும் கேட்பதில்லை.
ஜெயித்திருந்தால் நானே சொல்லியிருப்பேன்,
மூடியிருந்தால் ஊரே சொல்லியிருக்கும்.
இடையில் நிற்பவளை விசாரிக்க
ஒரு வார்த்தை இல்லை வால்திவியாவில்.
மழைக்கு மட்டும் இருபது வார்த்தை.

என்னிடம் ஓர் ஈரமானி இருக்கிறது,
இரண்டு முள், ஒரு சின்னத் திரை.
பிளந்த உல்மோ மரத்தின் நெஞ்சில் குத்தினால்
எண் சொல்லும்.
வெட்டிய அன்று அறுபத்திரண்டு.
கோடை பிந்தி வந்து முந்திப் போனது: நாற்பது.
இன்று காலை முப்பத்தொன்று.
நேற்றும்.
போன வியாழக்கிழமையும்.

மனிதர்களுக்குத்தான் ஈரம் ஒரு குணம்.
விறகுக்கு அது பாக்கி.

இருபத்தைந்துக்குக் கீழே இறங்காமல் விற்க மாட்டேன்
என்று சொன்னது நான்தான்,
சத்தமாக, வாயில் கேக்கை வைத்துக்கொண்டு.

நிபால்தோவின் லாரி தெருவில் போகிறது,
நேற்று வெட்டிய மரம், சொட்டச் சொட்ட.
என் விலையில் பாதி.
கெட்டவன் இல்லை, போகும்போதெல்லாம் ஹாரன் அடிப்பான்.
"கலந்து போடு யஸ்னா,
மேலே காய்ந்தது, அடியில் பச்சை.
அடி வரைக்கும் யார் பார்க்கிறார்கள்?"

கணக்கு நோட்டில் பதினேழு வீடு.
ஒருத்தர் கோன்செப்சியோனுக்குக் குடிபோனதால் பதினாறு.
ஐந்தாம் தேதி வங்கித் தவணை.
கிளட்ச் வேறு ஒரு வாரமாக முனகுகிறது.

அக்டோபர், வசந்தமாம், பல் கிட்டுகிறது.
தேஹா தீவிலிருந்து எதெல்மிரா டீச்சர் கூப்பிட்டார்,
ஒரு கன மீட்டர், இன்றைக்கே.
காய்ந்தது அரை மீட்டர்தான் இருந்தது.
நான் ஏற்றினேன்.
அடியில் முப்பத்தொன்று, மேலே இருபத்துமூன்று,
விளிம்பை அழகாகச் சமன்செய்து,
தார்ப்பாய் கட்டி.
கை நடுங்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பாலத்தின் நடுவில் தோன்றியது, வேண்டாம் என்று.
கீழே காயே-காயே ஆறு கறுப்பாக,
கடலுக்கா மலைக்கா என்று தெரியாத மாதிரி
ஓதம் ஏறிக்கொண்டிருந்தது.
வண்டியைத் திருப்பலாம் என்றால்
பாலத்தில் திருப்ப இடமில்லை.
பின்னால் பேருந்து, அதன் பின்னால் இன்னொன்று.
நட்டாற்றில் யாரும் உன்னை விட்டுவிட வேண்டியதில்லை,
நீயேதான் ஓட்டிக்கொண்டு வந்திருப்பாய்.
திரும்புவதானாலும்
அக்கரை போய்த்தான் திரும்ப வேண்டும்.

போனேன்.
மேலே இருந்ததை மட்டும் இறக்கினேன்,
பாதிக் காசு வாங்கினேன்.
"பாதிதானா?" என்றார் டீச்சர்,
வண்டிக்குள் எட்டிப் பார்த்து,
"அதோ இருக்கிறதே இன்னும்?"
அது இன்னும் விறகாகவில்லை என்றேன்.
மரமாகவும் இல்லை, விறகாகவும் இல்லை, ரெண்டுங்கெட்டான்.
அவர் சிரிக்கவில்லை.
கதவு சாத்தும் சத்தம் கொஞ்சம் பெரிதாகவே கேட்டது.

அதே பாலம், அதே மழை,
பின்னால் அதே பச்சை விறகு.
இரவு பத்து மணிக்கு ஒவ்வொன்றாக இறக்கினேன்.
உள்ளே இருந்ததை வெளியே,
வெளியே இருந்ததை உள்ளே,
காற்று புக விரலளவு சந்து விட்டு.
யாரும் பார்க்கவில்லை,
நிபால்தோவின் நாயைத் தவிர.

நடுவில் ஒரு நிமிஷம்
இரண்டு கட்டைகளைத் தட்டிப் பார்த்தேன்.
பச்சை என்றால் பொத்தென்று கேட்கும்,
காய்ந்தது கணீரென்று.
இது இரண்டும் இல்லை.
தொண்டை கட்டியவர் பேச ஆரம்பிக்கிற மாதிரி
ஏதோ ஒன்று.

காலையில் முள்ளைக் குத்தினேன்.
முப்பது.
வேறு இடத்தில் குத்தினேன்.
முப்பத்தொன்று.

முதலில் வந்ததை நோட்டில் எழுதிவிட்டு
கிளட்சைப் பார்க்கப் போனேன்.