நூற்று எண்பத்தேழாம் பக்கம்

ஜெப வீட்டின் வாசல் வரை பனி வாருவது
நகராட்சிக் கணக்கில் இல்லை.
ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை,
பொர்கில்ட் நேஸ்வோக் இறந்த தேதியில்,
வண்டியை அந்தப் பக்கம் திருப்பிவிடுவேன்.

"உள்ளே வா ஐலிஃப், வாஃபிள் ஆறுகிறது"
என்றாள் கூட்லவ்.
ஒவ்வொரு வருடமும் சொல்வாள்,
நானும் கையசைத்துவிட்டுப் போவேன்.
இந்த முறை ஏன் இறங்கினேன்?
விரல்கள் விறைத்திருந்தன. அவ்வளவுதான்.

ஐந்து பேர். ஒரு காபிக் கெண்டி.
மேசையில் அவள் எழுதிய ஒன்பதும்,
சிலது தையல் விட்டு,
சிலது காட் மீன் வாடையோடு.

டூர்லைஃப் 'விளக்குக்காரனின் சங்கீதங்கள்' என்றார்.
கோவிலுக்கே போகாத மனிதர்.
"இதில் ஆண்டவரை இருபத்திரண்டு இடத்தில் திட்டுகிறாள்,
எண்ணிவிட்டேன்.
அப்படித் திட்டுமளவுக்குப் பழக்கம்
எனக்கு யாரோடும் வாய்க்கவில்லை."

மங்ஹில்ட் கையில் 'உப்பு சொன்னது'.
மருத்துவமனை இரவுப்பணியில் படிப்பாளாம்.
எட்டாம் அத்தியாயத்தைத் தாண்டியதே இல்லை;
அங்கேயே அழுகை, அங்கேயே மணி அடிக்கும்.
"முடிவு நல்லதென்று கேள்வி."

மீன் ஆலையில் வேலை செய்யும் தெஸ்ஃபாலெம்
எரித்ரியாவிலிருந்து வந்தவன்,
நார்வே மொழியையே அவளிடம்தான் கற்றானாம்.
"ஐஸ் கொண்டு வா என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள்.
செத்துப்போன பாதிரி பேசுவதுபோல் இருக்கிறதாம்."
நாங்களும் சிரித்தோம்.
அவன் பிரதியில் ஓரமெல்லாம்
கொக்கிகள் போல அவன் ஊர் எழுத்து.

பிறகு 'இரண்டாம் கதவு'.
அதை எடுத்ததும் எல்லாரும் நாற்காலியை முன்னே இழுத்தார்கள்.

நூலகப் படகு கொண்டுவந்த பிரதி.
நூற்று எண்பத்தாறில்
தகப்பன் எழுந்து கதவருகே போகிறான்.
அடுத்து நூற்று எண்பத்தொன்பது:
ஏப்ரல், ஆட்டுக்குட்டிகள், வேலி.
நடுவில் ஒரு தாள் கிழிந்திருக்கிறது.

"திறந்தான்" என்றாள் மங்ஹில்ட்.
"எங்கே திறந்தான்? அந்தக் கிழவன் கல்" என்றாள் கூட்லவ்.
"கெட்ட குமாரன் கதையில் அப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான்.
இவள் அதே கதையைத் திரும்ப எழுதுவாளா என்ன?"
மகன் தட்டாமலே போயிருப்பான் என்றார் டூர்லைஃப்.
முப்பத்தோரு வருடமாக இதே சண்டை.
தலைநகர் நூலகத்துக்கு ஒரு கடிதம் போட்டால்
முழுப் பிரதி வந்துவிடும்.
யாரும் போடவில்லை.

என் பர்ஸில், உரிமத்துக்குப் பின்னால்,
நாலாக மடித்த தாள்.
மடிப்பில் எழுத்து தேய்ந்து
ஒரே ஒரு வரிதான் முழுசாகப் படிக்க வரும்:
'வெளியே யாரோ காலிலிருந்து பனியைத் தட்டினார்கள்.'

பதினேழு வயதில் கிழித்தேன்.
அந்த டிசம்பரில் எங்கள் வீட்டு வாசலில்
இந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
ஜன்னலில் அப்பாவின் முதுகு.
காலைத் தட்டவில்லை.
தட்டினால் கேட்டுவிடும்.

மேசையில் வைத்தேன்.
யாரும் பேசவில்லை.
விக்டிஸ்தான் படகில் முத்திரை குத்தியவள்,
அபராதத்தை விரல்விட்டு எண்ணத் தொடங்கி
பாதியில் விட்டுவிட்டாள்.
தெஸ்ஃபாலெம் கை நீட்டினான்.
அதற்குள் கூட்லவ்
காபிக் கெண்டியைத் தூக்கித்
தாளின் மேல் வைத்துவிட்டாள்.

"சரி, சொல்லு. திறந்தாரா?"
என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"கதவு பூட்டியிருக்கவே இல்லை" என்றேன்.
"அடக்கத்துக்கு வந்தபோது அக்கா சொன்னாள்."

மங்ஹில்ட் ஜாம் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.
இன்னொரு வாஃபிள் எடுத்துக்கொண்டேன்.
ஜன்னலுக்கு வெளியே
வண்டியின் மஞ்சள் விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது;
நான் வாரிய வழி
அதற்குள் பாதி மூடியிருந்தது.