நாலு மூலை உயரம்

காலையில் வண்டி முழந்தாளிட்டுக் கிடந்தது,
வினிபெக்கின் பின்சந்துப் பனியில்.
பதினேழு வயது லேண்ட் ரோவர்.
சாவியைத் திருப்பினால் முனகும்,
நாலு நிமிடம் யோசிக்கும்,
பிறகு எழும்,
கடன்காரன் கதவைத் தட்டியதுபோல
வேண்டா வெறுப்பாக.

"கம்பிரஸர் முடிஞ்சுது" என்றான் ரொமெல்,
சார்ஜென்ட் அவெனியூ கராஜில்.
ஆயிரத்து எண்ணூறு டொலர்.
ரொமெல் நல்லவன். ஆனால் அவனுக்குச்
சத்தம் போடுகிறவன்தான் நோயாளி.

கேதீஸுக்கு இரவு வேலை, பகலில் தூக்கம்.
ஆகவே நான்.
தையல் பெட்டியிலிருந்து அளவு நாடா எடுத்து
சக்கர நடுவிலிருந்து மேல்விளிம்பு வரை
இரவு ஒன்பதுக்கு அளந்தேன், கால்குலேட்டர் உறையின் பின்னால் குறித்தேன்.
காலை ஆறுக்கு மறுபடி.
நாலு மூலையும் ஒரே அளவு இறங்கியிருந்தன.
நாலு காற்றுப்பையும் ஒரே இரவில் ஓட்டையாகுமா?
அப்படியொரு ஒற்றுமை
எந்தக் குடும்பத்தில் உண்டு?

விடை கையேட்டில் இருந்தது,
எறும்பு வாசிக்கும் எழுத்தில்.
பூட்டிய பிறகும் வண்டி தூங்குவதில்லை.
சில மணிக்கொருதரம் விழித்துத் தன்னை அளக்கும்.
ஒரு மூலை தாழ்ந்திருந்தால்
தூக்கிவிட அதனால் முடியாது, இன்ஜின் ஓடவில்லையே.
மற்ற மூன்றும் தம் நல்ல காற்றைத் திறந்துவிட்டு
அதன் அளவுக்கு இறங்கிக்கொள்ளும்.
விடியும்போது எல்லாம் மட்டம்.
முதலில் இறங்கியது யார் என்று
யாருக்கும் தெரியாது.

கவிழ்த்த வாளியில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன்.

தை மாதம் தவபாலனுக்கு வேலை போனது.
கேதீஸின் தம்பி, எங்கள் பேஸ்மென்டில் இருக்கிறான்.
அதிலிருந்து சாப்பாட்டு மேசையில்
யாரும் சம்பளம் பற்றிக் கதைப்பதில்லை.
மதுரா, பியானோ வகுப்பு அலுத்துவிட்டது என்றாள்.
கேதீஸ் சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறான், சும்மா இருக்கப் பிடிக்காதாம்.
நான் பல் வலிக்கவில்லை என்றேன்.

மூக்குக் குறடால் அந்தச் சின்ன ஃபியூஸைப் பிடுங்கினேன்.
இனி யாரும் யாருக்காகவும் இறங்க முடியாது.

மறுநாள் மூன்று மூலைகள் நிமிர்ந்து நின்றன.
முன் வலது மட்டும் அறுபத்திரண்டு மில்லிமீட்டர் கீழே,
தலையைத் தொங்கப்போட்டு.

மைனஸ் ஒன்பது. சோப்புத் தண்ணீர் உறைந்துவிடும்.
கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தில்
பாத்திரச் சோப்பைக் கலந்து பீய்ச்சினேன்.
பித்தளை மூட்டில் ஒன்றுமில்லை.
குழாயில் ஒன்றுமில்லை.
பையிலும் ஒன்றுமில்லை. மூன்று தடவை.
கை விறைத்தது. பக்கத்து வீட்டுப் பனி இயந்திரம்
காதில் எதையும் விழவிடவில்லை.

பிறகுதான் தோன்றியது:
வழக்கமான உயரத்தில் ரப்பர் தன் மடிப்பைத்
தனக்குள்ளேயே ஒளித்துவைத்திருக்கிறது.
ஃபியூஸைத் திரும்பப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு,
உச்சிக்கு ஏற்றி, சட்டகத்துக்கு முட்டுக் கொடுத்துப் பீய்ச்சினேன்.
மடிப்பு விரிந்தது.
பால் பொங்கும் முன்பு ஓரத்தில் கூடுமே,
அவ்வளவு நுரை.
மயிரிழை வெடிப்பு. அதுவும் பாதிச் சுற்றுத்தான்.

பழைய பாகக் கடையில் ஒரு பை, முந்நூற்று நாற்பது.
ரொமெல் பூட்டினான்.
கம்பிரஸரைத் தொடாதே என்றேன்.
அது பழுதில்லை.
இரவில் மற்றவர்கள் இறங்கியதையெல்லாம்
காலையில் தனியாகத் தூக்கியிருக்கிறது.

அடுத்த விடியலில் மூன்று மில்லிமீட்டர் குறைந்திருந்தது.
இருக்கட்டும். குளிருக்கும் ஒரு பங்கு உண்டு.

ஏழு மணிக்குக் கேதீஸ் வேலையால் வந்தான்.
சப்பாத்துக் கழற்றக் குனிந்தபோது
முழங்காலோடு சேர்ந்து முனகினான்.
தவபாலன் கீழ்ப்படியில் கோப்பையோடு நின்றான்.
அளவு நாடா என் கையிலேயே இருந்தது.

"எனக்குப் பல் வலிக்குது" என்றேன்.
"டிசம்பரிலிருந்து."