எட்டு

அப்பாவின் பங்க் வடக்கே போகிறவர்களுக்கு.
அம்மாவின் பங்க் தெற்கே போகிறவர்களுக்கு.
நடுவில் ஆறு தடம், இடுப்புயரக் கான்கிரீட் சுவர்.
இங்கிருந்து பார்த்தால்
அப்பா எந்தக் கையால் மூக்கைத் துடைக்கிறார் என்பதுவரை தெரியும்.
போய்ச் சேர நான்கு மைல் சுற்ற வேண்டும்.

நியூ ஜெர்சியில் ஓட்டுகிறவர் தானே பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாது.
சட்டம். எங்கள் சோறும் அதுதான்.
குளிரில் கண்ணாடியை இரண்டு விரல்கிடைதான் இறக்குவார்கள்.
அந்த இடுக்கில் நாங்கள் ஊரைப் படித்தோம்:
யார் நாயோடு பேசுகிறார்,
யார் அழுதுகொண்டே ஓட்டுகிறார்,
யாருடைய கார்டு மூன்றாம் தடவையும் செல்லவில்லை.
டெலியு வடக்கில், நான் தெற்கில்.
பத்து வயதில் எனக்கு
எல்லா வண்டிக்கும் டாங்க் மூடி எந்தப் பக்கம் என்று தெரியும்.
கீழே சிந்தாமல் கடைசிச் சொட்டை உதறத் தெரியும்.
பள்ளியில் என் பக்கத்தில் உட்காரச் சிலர் யோசித்தார்கள்.
கைவாடை.

பூமிக்கடியில் டாங்க் மாற்ற வைத்திருந்த ஒன்பதாயிரம் டாலரை
அந்த மார்ச்சில் அப்பா
தன் சித்தப்பா மகன் வால்டெமாருக்குத் தூக்கிக் கொடுத்தார்,
கேட்காமல்.
அம்மா சத்தம் போடவில்லை.
நுனியில் ரப்பர் உறிஞ்சி வைத்த நீளக் கம்பை எடுத்தாள்,
விலைப்பலகையில் எட்டை இறக்கினாள், ஏழை ஏற்றினாள்.
இறக்கிய எட்டு கைநழுவித்
தரையில் இரண்டு பூஜ்யமாக உடைந்தது.

எதிரே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.
அவரும் கம்பை எடுத்தார். ஆறு.

தெற்கே போகிறவன் வடக்கு விலையை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?
யாரும் யாருடைய வாடிக்கையையும் பறிக்கவில்லை.
அந்த எண்கள் இரண்டே பேர் படிப்பதற்கு.
லாரிக்காரர்கள் மட்டும் விவரம் புரியாமல்
அம்மாவுக்கு டோனட் வாங்கிவந்தார்கள்.
எண்ணெய்க் கம்பெனி ஆள் போன் செய்து
'உங்களுக்குப் பைத்தியமா?' என்றான்.
'அந்தப் பக்கம் கேள்' என்றாள் அம்மா.
பத்தாம் நாள் ஒவ்வொரு காலனுக்கும்
எங்கள் கைக்காசு நான்கு சென்ட் போய்க்கொண்டிருந்தது.
அம்மா ஆபீஸ் அறையிலேயே படுத்தாள்,
ஆன்டிஃப்ரீஸ் பெட்டிகளுக்கு நடுவில்.

பதினோராம் நாள் பனி.
சாலையை மூடிவிட்டார்கள்.
ஆறு தடமும் ஒரே வெள்ளை; ஒரு டயர்க் கோடு இல்லை.
அப்போது பார்த்தேன்:
அப்பா கான்கிரீட் சுவரில் ஒரு காலைத் தூக்கிப் போட்டு
மறு காலுக்குக் கொஞ்சம் கஷ்டப்பட்டு
நடந்து வருகிறார்.
அந்தச் சாலையை யாரும் நடந்து கடந்து நான் கண்டதில்லை.

இரண்டாம் பம்ப் அருகே வந்து நின்றார்,
வண்டி இல்லாமல்.
அம்மா கதவைத் திறந்து வந்தாள்.
இருபது வருஷப் பழக்கம்,
வாய் தானாகக் கேட்டது: 'எவ்வளவு?'
'ஃபுல்' என்றார் அப்பா.
சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.
கோட்டுக்குள்ளிருந்து அவர் எடுத்தது
தன் பலகையின் எட்டு.

அம்மா வாங்கி விரிசல் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள்.
கார்க்கண்ணாடி துடைக்கிற ரப்பரால்
அதன் மேலிருந்த பனியை வழித்தாள்,
மேலிருந்து கீழ், ஓரத்தில் ஒரு திருப்பு,
யார் வந்தாலும் துடைப்பதுபோலவே.
பிறகு கம்பைத் தேடினாள்.

அந்த வசந்தம் முழுக்க
வடக்கே போகிறவர்களுக்கு ஒரு சென்ட் குறைவு.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
வால்டெமார் இன்னும் ஆறாயிரம் தர வேண்டும்.