எத்தனை பக்கம்

பேர் சராய் ஜெராக்ஸ் கடையில்
என் பழைய கணினி அரபியை உடைத்துவிடும்.
கைகோர்த்து வலமிருந்து வரவேண்டிய எழுத்துகள்
ஒன்றையொன்று அறியாதவைபோல்
திரையில் தனித்தனியே நிற்கும்.

“இப்படி இல்லை அங்கிள்” என்று
படமாக மாற்றித் தந்தான் லுஅய், கான் யூனிஸ்காரன்.
வெள்ளி, நான்கு மணி, போரை நிறுத்து.
ஐம்பது பிரதி.
ஒவ்வொரு தாள் விழும்போதும் கைபேசியைப் பார்த்தான்.
கூடாரத்திலிருந்து அம்மாவின் செய்தி வந்து ஒன்பது நாள்.

அவன் போய் அரைமணியில் நாப்லுஸ் முந்தஸிர்.
அதே வெள்ளி. அதே நான்கு மணி. அதே வரைபடம்.
அடியில் அமைப்பின் பெயர்தான் வேறு.
சேர்த்து அடித்தால் காசு குறையுமே என்றேன்.
“அவர்களோடா?”
அதற்குப்பிறகு தாளின் தடிமன் பற்றித்தான் பேசினோம்.

மூலை நாற்காலியில் நோகா,
சமஸ்கிருதம் படிக்க ஹைஃபாவிலிருந்து வந்தவள்.
துப்பாக்கி தூக்கமாட்டேன் என்று சிறைக்குப்போன தம்பிக்கு
வாரம் ஒரு கடிதம் அச்செடுப்பாள்.
அப்பா அவன் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டாராம்.
சீருடையிலிருக்கும் மூத்தவன் படம் இருக்கிறது.
பக்கத்தில் வெறும் ஆணி.
அதைப் பிடுங்க அம்மா விடவில்லையாம்.
முந்தஸிர் வந்ததும்
திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டாள்.

டீ கொண்டுவந்த ஓம்வீர்
நாளிதழில் இருந்த இரண்டு கொடிகளைக் காட்டி
“மதராசி, நீ எந்தப் பக்கம்?” என்றான்.

எத்தனை பக்கம் என்று
நாளெல்லாம் கேட்கிறவன் நான்.
சில்லறையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

எண்பத்தாறில், கோண்டாவில் ஒழுங்கையில்
அண்ணனைச் சுட்டது ஆமி இல்லை.
எங்கள் வீட்டில் புட்டும் சம்பலும் தின்ற பெடியன்.
இவனது இயக்கத்தின் பெயரிலும்
அவனது இயக்கத்தின் பெயரிலும்
விடுதலை என்ற சொல் இருந்தது.
அம்மா இரண்டு பேருக்கும்
ஒரே பானையில்தான் தேத்தண்ணி ஊற்றினா.

ஆமி வந்து போனபோது சத்தமாக அழுத வீடு
அன்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதது.

முப்பத்தோராம் நாள் நோட்டீஸ் அடிக்க
அப்பாவோடு நானும் அச்சகம் போனேன்.
“அகால மரணம்” வரை கோர்த்துவிட்டு
ஆரால் எண்டு போடவோ என்றார் அச்சுக்காரர்.
அப்பா தெருவைப் பார்த்தார்.
மிஞ்சிய இடத்தில் அவர்
ஒரு பூ வைத்துக் கட்டினார்.
ஈயத்தில் செய்த பூ.
நன்றாகத்தான் பதிந்தது.