ஒன்று புள்ளி மூன்று

அட்டவணையில் ஒவ்வொரு வாயுவும்
தனித்தனியே யோக்கியன்.
குளோரின், வரம்பில் புள்ளி ஆறு: பச்சை.
கந்தக டையாக்சைடு, புள்ளி ஏழு: பச்சை.

காப்பி ஆறுகிறது.
ஹார்ம்கே பென்சிலால் ஓரத்தில் கூட்டுகிறாள்.
வந்த எண்ணுக்கு
அட்டவணையில் நிறமே இல்லை.

"இரண்டும் ஒரே நாளில் கசியுமா என்ன?"
கோட்டு மாட்டிக்கொண்டே மேலாளர்.
"ஒரே குழாய்ப்பாலம்.
மேலே ஒரே கிரேன்."

நுரையீரல்
ரசீது பார்த்து வாங்குவதில்லை.

டெல்ஃப்சைலில் இன்று வடமேற்குக் காற்று.
திட்டத்தின் வட்டம் கடலணையோடு நிற்கிறது;
கவராயத்தை இன்னும் கொஞ்சம் விரிக்கிறாள்.
கோடு போய்த் தொடுவது
நீச்சல்குள வாசல்.

புதன்கிழமை, நாலரை.
ஈரத் தலையோடு பிள்ளைகள்
சைக்கிள் பூட்டுகளைத்
திறந்துகொண்டிருப்பார்கள்,
யார் முந்தி என்று
மூச்சு வாங்க.