இரைக்கொப்பி

மாமாவுக்குக் கடல் ஒத்துவராது.
அளம்பில் கரையில் அப்படியொரு ஆள் பிறந்ததே பகிடி.
இரண்டு அலை தாண்டினால் குடலைக் கக்குவார்,
தண்டு வலித்தவர்கள் சிரித்தே களைத்துப்போவார்களாம்.
எழுபத்துமூன்றில் வள்ளத்தை விற்று
ஒரு தகரப் பீப்பாவும் மூன்று மூட்டை உப்பும் வாங்கி
கரையிலேயே இருந்துவிட்டார் சவிரியான்.

கணவாய் துண்டு. சூடை முழுசு.
களப்பு இறால் உயிரோடு வேண்டுமென்றால்
ஈரச்சாக்கில், பத்துச் சதம் கூட.
கலவாய்க்கு எது, விளைமீனுக்கு எது,
கொடுவா எந்த நிலவில் எதை மறுக்கும்,
எல்லாம் அவருக்குத் தெரியும்
ஒரு மீனும் பிடிக்காமல்.
வாந்தியெடுத்தவனின் வாசலில்
விடியப்புறம் மூன்று மணிக்கு வரிசை.

கடன்தான் வியாபாரம்.
மீன் பட்டால் தாறன், படாட்டி நாளைக்கு.
ஒற்றைறூள் கொப்பியில் பட்டப்பெயராய் எழுதுவார்,
அந்தோனி என்று மட்டும் அங்கே பதினொரு பேர்.
நெட்டையன் – கணவாய் 3.
ஓட்டைப்பல்லன் – சூடை 10.
பூனைக்கண் மத்தேஸ் – இறால் 2, முள் 6, பிறகு.
அந்தப் பிறகு
வரவேயில்லை.

நான் மருமகளாய் வந்தது எண்பத்தொன்பதில்.
தாலி கட்டின கையின் நகக்கண்ணெல்லாம்
கணவாய் மை.

கடலுக்குத் தடை விழுந்த மாதங்களில்
இரை வாங்க ஆளில்லை,
உப்பில் கிடந்ததை நாங்களே தின்றோம்.
முதலில் இறால், அது பரவாயில்லை.
பிறகு சூடை. பிறகு பீப்பாவின் அடியில்
சுறாவுக்கென்று ஊறவிட்டிருந்தது.
ஏழு தண்ணியில் கழுவினேன், பழப்புளி விட்டேன்.
என்ன கறி என்று பிள்ளைகள் கேட்கவில்லை.
ஒவ்வொரு வாய்க்கும் நாக்கு ஒருக்கால் தயங்கும்,
உள்ளுக்கு முள் இருக்குமோ என்று.
மாத்தளன்மட்டும் அதுதான் வந்தது.

மாமா மாத்தளனில் நின்றுவிட்டார்.

கொப்பி வந்தது,
அடையாள அட்டைகளோடு ஒரே பொலித்தீனில்.
ஓமந்தையில் ஒரு அதிகாரி அதை விரித்தார்.
பெயர் பெயராய், எதிரே இலக்கம்.
யார் இவர்கள்? எந்தப் பிரிவு?
நெட்டையன் எங்கே? மூன்று என்றால் என்ன மூன்று?
கணவாய், ஐயா. கணவாய்.
மொழிபெயர்க்க நின்ற பெடியனுக்கு
அந்த நேரம் பார்த்துக் கணவாய்க்குச் சிங்களம் வரவில்லை.
அதிகாரி கொப்பியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.
முகம் சுளித்தது. எறிந்தார்.
எத்தனை சன்லைற் கட்டி கரைத்திருப்பேன்
அந்த நாற்றத்தைப் போக்க.

திரும்பி வந்தபோது பீப்பா நின்ற இடத்தில் நாயுருவி.
இரண்டு றெஜிபோம் பெட்டியோடு தொடங்கினேன்,
ஐஸ் முல்லைத்தீவிலிருந்து, மகன் ஜெறின் சைக்கிளில்.
நாயாற்றுக்கு வாடி போட வந்த சிலாபத்து ஆட்களுக்கு
விற்றேன் என்று
மூன்று மாதம் என்னோடு கதைக்காதவர்கள்
நாலாம் மாதம் கடனுக்கு வந்தார்கள்.
எழுதினேன். வேறென்ன செய்ய?
கணவாய் கணவாய்தான், காசு காசுதான்,
கோபம் வேறு கொப்பி.

போன கிழமை கனடாவிலிருந்து ஒரு அழைப்பு.
பூனைக்கண் மத்தேசின் மகளாம்.
சாகும்போது தகப்பன் சொன்னது
காணியும் இல்லை, கோயிலும் இல்லை,
'சவிரியானுக்கு இரைக்காசு.'
முப்பத்தாறு ரூபாய் ஐம்பது சதம்.
ஐம்பதாயிரம் அனுப்பியிருக்கிறாள்.
வட்டி கணக்குப் பார்க்க எனக்குத் தெரியாது,
பழைய பிறீசர் ஒன்று வாங்கினேன்,
இரவில் அது இருமும்.

இப்போது கேட்கிறாள்,
அந்தப் பக்கத்தைக் கிழித்து
ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ அன்ரி,
அப்பாவின் படத்துக்குக் கீழே வைக்க.

மத்தேசின் பெயருக்கு மேலால் கோடு இழுத்துவிட்டேன்,
சிவப்புப் பேனையால், இரண்டு தரம்.
கிழிக்க ஏலாது, பிள்ளை.
பின்பக்கத்தில் நெட்டையன் இருக்கிறான்.
கணவாய் 3.